கோப்பில் இருந்த கட்டி

தை மாதம் வந்தால் எங்கள் சேமநிதி அலுவலகத்தில் மடிப்புக் கலையாத வேட்டிகளின் நடமாட்டம் கூடிவிடும். வருகிறவர்கள் உறுப்பினர்கள் அல்ல. உறுப்பினர்களுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள், அல்லது உறுப்பினர் வீட்டில் பெண் எடுக்க நினைத்தவர்கள்.

தென்னாற்காட்டின் தனியார் பள்ளிகள் சில ஒன்றுசேர்ந்து தங்கள் ஆசிரியர்களுக்காக நடத்திய நிதி அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்திருந்து, ஓய்வு பெறும் நாளில் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அந்த வேலையை நாங்கள் சுமாராகச் செய்தோம். ஊரார் எங்களிடம் எதிர்பார்த்தது வேறு வேலை. அதைப் பிரமாதமாகச் செய்தோம்.

ஜாதகத்தில் வயதைக் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் கோப்பில் முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த நாள், இடையில் சம்பளமில்லாமல் இருந்த மாதங்கள், எத்தனை முறை முன்பணம் வாங்கினார், எதற்கு வாங்கினார், எல்லாம் அதில் இருக்கும். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்பது மட்டும் இருக்காது. முன்பணம் வாங்கிய தேதிகளை வரிசையாகப் பார்த்தால் அதையும் கணித்துவிடலாம் என்பார் எங்கள் தலைமை எழுத்தர். அவர் கணித்துச் சொன்னதில் இரண்டு கல்யாணங்கள் நின்றுபோனதாக அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே முன்பணப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பிறகு பதவி உயர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஆகையால் இங்கே எழுதுவது யாரோ சொன்னதல்ல.

இரகசியத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ‘இரகசியம்’ என்று செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று வைத்திருந்தோம். குடிதண்ணீர்ப் பானை வாங்கும் உத்தரவு, மேலாளர் சுற்றுப்பயணம் போகும் தேதி, மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்த கொட்டேஷன் ஆகியவற்றின் தலையில் அது சிவப்பு மையில் விழும். உறுப்பினர்களின் கோப்புகள் மீது விழாது. அவை கதவில்லாத மர அடுக்கில் வட்டாரம் வாரியாக நின்றுகொண்டிருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வருகிறவர்கூடக் கை நீட்டினால் எட்டும்.

ஒரு வருஷம் தணிக்கைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர் இதைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவர் சொல்படி மேலாளர் ஒரு சுற்றறிக்கை போட்டார். உறுப்பினர்களைப் பற்றிய சொந்தத் தகவல்களை வெளியார் எவருக்கும் காட்டலாகாது என்று அதில் இருந்தது. எல்லோரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். அதை மேசை மேசையாகக் கொண்டுவந்தவர் எங்கள் ரெக்கார்டு கிளார்க். பரங்கிப்பேட்டைக்காரர், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, ஒரு டவுட்டு. வெளியாருன்னா யாரு?”

“நம்ம ஆபீஸ்ல வேல பாக்காதவங்க.”

“அப்ப ஹெட் கிளார்க்கோட மச்சான்?”

நான் பதில் சொல்வதற்குள் தலைமை எழுத்தர் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். “மச்சான் எப்படிய்யா வெளி ஆளாவான்? பொண்ணு குடுத்த எடம்யா அது!”

இந்த விளக்கத்தோடு சுற்றறிக்கை அமலுக்கு வந்தது. தலைமை எழுத்தருக்கு விருத்தாசலத்திலிருந்து வெள்ளாற்றங்கரை வரைக்கும் பெண் கொடுத்த இடமும் எடுத்த இடமும் இருந்தன. மீதி இருந்தவர்களுக்கு மேலாளர் உறவு. இந்த இருவருக்கும் உறவில்லாத வெளியார் ஒருவரை, தணிக்கைக்கு வந்தவரைத் தவிர, என் சர்வீசில் நான் சந்தித்ததில்லை.

இனி முன்பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும் முன்பு தன் சொந்தப் பணத்தைத் தொட வேண்டுமானால் விதிகளில் மூன்றே வழிகள் இருந்தன. நோய், மனைவியின் பிரசவம், பெற்றோரின் கருமாதி. வீட்டுக்குக் கூரை மாற்ற, கிணறு தூர்வார, தங்கைக்குத் தோடு வாங்க என்று எழுதினால் ‘விதியில் இடமில்லை’ என்று திருப்பி அனுப்புவேன். அந்த மூன்று சொற்களுக்கு – விதியில் இடமில்லை, திருப்பப்படுகிறது – எனக்குத் தனியாக ஒரு கையெழுத்தே அமைந்துவிட்டது, அவ்வளவு அழகாக எழுதுவேன்.

ஆசிரியர்கள் படித்தவர்கள். சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். சிதம்பரத்தில் பிராக்டீஸ் குறைந்துபோன ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் போனால் சான்றிதழ் கிடைக்கும். ஆண்களுக்குக் குடலிறக்கம், பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்று அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். யோசிக்கிற நேரம் மிச்சம். வருஷத்துக்கு வருஷம் எங்கள் கோப்புகளில் கட்டிகள் பெருகின. கூரைகள் மாறின, கிணறுகளில் தண்ணீர் ஊறியது, கருமாதி வேறு தனியாக நடந்துகொண்டிருந்தது.

“இந்த வாத்தியாரோட தகப்பனாரு ரெண்டு தடவ மவுத்தாயிருக்காரு, மாமா,” என்று ரெக்கார்டு கிளார்க் ஒருநாள் இரண்டு கருமாதி விண்ணப்பங்களைச் சேர்த்துக் காட்டினார். “போன வாரம்தான் என்னப் பாத்து சலாம் வெச்சுட்டுப் போனாரு.”

நான் இரண்டையும் பிரித்து வெவ்வேறு பக்கத்தில் வைத்தேன். ஒரு விண்ணப்பத்தை இன்னொரு விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது யாருடைய வேலை என்று விதிகளில் எழுதப்படவில்லை. எழுதப்படாத வேலையைச் செய்வது ஒழுங்கீனம்.

இப்படி இருந்த காலத்தில்தான் சிதம்பரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் தையல் டீச்சர் எனக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். தையல் மிஷின் வாங்க முன்பணம் வேண்டும், பள்ளி நேரம் போக வீட்டில் தைத்தால் குடும்பத்துக்கு உதவும் என்று மணிமணியான கையெழுத்தில் உண்மையை எழுதியிருந்தார். வழக்கம்போலத் திருப்பினேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் சிதம்பரத்தில் முகாம் போடுவது வழக்கம். கீழவீதிப் பக்கம் ஒரு பள்ளியின் டிராயிங் வகுப்பில் மேசை போட்டு உட்காருவோம். சிதம்பரம், புவனகிரி வட்டாரக் கோப்புகள் ஒரு தகரப் பெட்டியில் பாசஞ்சர் ரயிலில் எங்களோடு வரும். கிள்ளையில் ஏறுகிற மீன் கூடைகளை வைக்க அந்தப் பெட்டி வாகாக இருக்கும். அந்த வட்டாரத்து ஆசிரியர்களின் அந்தரங்கத்தில் எப்போதும் லேசாக இறால் வாசனை அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த முகாமில் தையல் டீச்சர் நேரிலேயே வந்து நின்றார். வயது இருபத்து நாலு இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு நான் விதியை விளக்கி, அந்த டாக்டர் இருக்கும் தெருவையும் சொன்னேன்.

“எனக்கு வியாதி ஒண்ணுமில்லயே, சார். நல்லாத்தானே இருக்கேன்?”

“நல்லா இருந்தா அட்வான்ஸ் கெடயாது, டீச்சர்.”

சிரித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் டாக்டர் சான்றிதழோடு புது விண்ணப்பம் வந்தது. ‘விதிகளுக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. மிஷினும் வந்து ஓடத் தொடங்கியது என்று கேள்விப்பட்டேன். சான்றிதழ் அவர் கோப்பில் நூல் கோத்துக் கட்டப்பட்டு அடுக்குக்குப் போனது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு தை மாதத்தில், சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். தலைமை எழுத்தருக்கு மச்சான் முறை. அவருடைய அக்காள் மகன் புவனகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், எங்கள் உறுப்பினர்தான். அவருக்குத் தாய்மாமனாக இவர் பெண் தேடிக்கொண்டிருந்தார். தலைமை எழுத்தரின் எதிரில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

“செதம்பரத்துல பொண்ணு பாத்தாச்சு, மச்சான். தையல் டீச்சரு. லட்சணமா இருக்குது, கைத்தொழிலும் இருக்குது. மாப்ளக்கும் புடிச்சுப்போச்சு. வயசு இருபத்தாறுன்றாங்க. எனக்கென்னமோ ஜாஸ்தியா தெரியுது. ஒரு பார்வ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.”

“எடுத்தாய்யா அந்த பைல,” என்றார் தலைமை எழுத்தர்.

நான் எழுந்து சுற்றறிக்கையை நினைவுபடுத்தினேன்.

“அது வெளியாருக்குய்யா,” என்று அவர் திரும்பாமலே சொன்னார்.

கோப்பு வந்தது. பிறந்த தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, இருபத்தாறு சரிதான் என்று மச்சான் திருப்திப்பட்டார். அதோடு மூடியிருக்கலாம். கையில் கிடைத்த கோப்பை யார் ஒரு பக்கத்தோடு மூடுகிறார்கள்? புரட்டினார். சான்றிதழ் இங்கிலீஷில் இருந்தது. தலைமை எழுத்தர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழ்ப்படுத்திச் சொன்னார். ஆபீசே கேட்டது.

“கர்ப்பப்பையில கட்டியாம், மச்சான்.”

மச்சானின் துண்டு நின்றது. சான்றிதழின் கீழே இருந்த என் கையெழுத்தை யாருடையது என்று விசாரித்து, கோப்போடு என் மேசைக்கு வந்தார்.

“ஏன் சார், நீங்கதானே இதப் பாத்து பாஸ் பண்ணீங்க? இது நெசமா?”

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. ‘பொய்’ என்றால், பொய்ச் சான்றிதழ் கொடுத்ததற்காக டீச்சருக்கு வேலை போகும், அதை விதிகளுக்கு உட்பட்டது என்று எழுதியவனுக்கும் போகும். ‘உண்மை’ என்றால் கல்யாணம் போகும். இதில் எனக்கு நட்டமில்லை. மூன்றாவதாக ஒரு பதில் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அதைத்தான் சொன்னேன்.

“பைல்ல என்னா இருக்குதோ அதாங்க.”

“ஒத்தப் புள்ள சார் எங்க மாப்ள. வம்சம் வெளங்க வேணாமா?” என்று சொல்லிவிட்டு, கோப்பை என் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

ரெக்கார்டு கிளார்க் வந்து அதை எடுத்தார். நூலை இறுக்கிக் கட்டினார். “ஒரு மிஷினுக்கு வழி சொல்லப்போயி அந்தப் பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துட்டீங்களே, மாமா.”

“நானா கெடுத்தேன்?”

“பின்ன, அந்த டாக்டரா?”

மாசி மாத முகாமில் என் மேசைக்கு முன்னால் நாலைந்து ஆசிரியர்கள் வரிசையில் நின்றார்கள். தையல் டீச்சர் வரிசையைப் பார்க்கவில்லை. நேராக வந்தார்.

“சார், எனக்குக் கட்டியாமே?”

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

“மொதல்ல உக்காருங்க, டீச்சர்.”

“உக்காரலாமா சார்? கட்டி இருக்கற ஒடம்பாச்சே.” நின்றபடியே பேசினார். “பொண்ணு பாத்துட்டு, பூ வெக்கத் தேதி சொல்றோம்னு போனவங்க, சொல்லி அனுப்பிட்டாங்க. என்னா காரணம்னு எங்க அண்ணன் சேத்தியாத்தோப்புக்கே போயி கேட்டுட்டு வந்து, வாசல்ல நின்னு அழுவுது. ஒரே வாரத்துல ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு. எங்க ஸ்கூல் ஆயா நான் தண்ணிக் கொடத்தத் தொட்டா ஓடி வந்து வாங்கிக்கறா, பாவம்னு. நான் என்னா செய்ய? பொய்னு சொன்னா எனக்கு வேல போவும். நெசம்னு சொன்னா எவன் கட்டுவான்?”

அவர் இழக்க இருந்தது என்ன என்பதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நான் குனிந்து பேனாவை மூடினேன்.

“எத்தன பேரு சார் என் பைல பாத்தாங்க?”

உண்மையாகவே எண்ணிப் பார்த்தேன். தபால் பிரித்தவர், நான், தலைமை எழுத்தர், மேலாளர், கணக்குப் பிரிவில் இருவர், தணிக்கைக்கு வந்தவர், ரெக்கார்டு கிளார்க். “எட்டுப் பேரு.”

“சேத்தியாத்தோப்புக்காரரு?”

“ஒம்போது.”

“அவரு எந்தப் பாரத்த பூர்த்தி பண்ணிக் குடுத்தாரு?”

“அவரு... ஒண்ணும் குடுக்கல.”

“அப்ப நானும் ஒண்ணும் குடுக்காம பாக்கறேன். புவனகிரி வாத்தியாரு பைல எடுங்க. அவரும் ஒங்க மெம்பருதானே? அந்தப் பெட்டியிலதானே இருக்குது?”

பெட்டியில்தான் இருந்தது. என் காலுக்கு அரை அடி தூரத்தில். அதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஏனென்றால் அதையும் விதிகளுக்கு உட்பட்டது என்று எழுதியவன் நானே. அந்தக் கணக்கு வாத்தியார் முந்திய வருஷம் ஒரு முன்பணம் வாங்கியிருந்தார். காரணம் என்ற இடத்தில் ‘மனைவியின் பிரசவச் செலவு’ என்று இருந்தது. மனைவி இல்லாதவர் என்பது அவருடைய வாரிசுப் படிவத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் வாரிசுப் படிவம் வேறு பிரிவில் வேறு பீரோவில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

அதை இந்தப் பெண்ணிடம் காட்டினால் என்ன ஆகும்? அது பொய் என்று நான் சொன்னால் அவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவருக்குப் புவனகிரியில் ஒரு குடும்பம் இருப்பதாக ஆகும். அதுவும் போகட்டும். அது பொய்தான் என்று எனக்கே எப்படித் தெரியும்? எல்லோரும் பொய்யே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், யாராவது ஒருவர் தவறிப்போய் உண்மையை எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழியே கிடையாது. சர்வீசில் முதல்முறையாக ஒரு கோப்பைப் பார்த்துப் பயந்தேன்.

“அது முடியாது, டீச்சர். அவரு சம்மதம் இல்லாம காட்டக் கூடாது.”

“எங்கிட்ட யாரு சார் சம்மதம் கேட்டா?”

வரிசையில் நின்ற ஆசிரியர்களும் என் வாயையே பார்த்தார்கள்.

“சரி,” என்றார் அவர், கொஞ்சம் நிதானமாக. “அவருகிட்ட கேளுங்க. வாய்வார்த்தையா வேணாம். எழுதிக் கேளுங்க.”

எழுதிக் கேட்க ஒரு படிவம் வேண்டும். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை, தேவைப்பட்டதே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நானே வரைந்தேன். பார்வையிட விரும்புவோர், பார்வையிட விரும்பும் கோப்பு, காரணம், கோப்புக்குரியவரின் சம்மதம் அல்லது ஆட்சேபணை, தேதி, கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். அவர் பேனாவை வாங்கித் தானே எழுதினார். ‘என்னுடையதை அவர்கள் பார்த்துவிட்டதால்.’

இதைவிடக் கச்சிதமான காரணத்தை எந்த விண்ணப்பத்திலும் நான் படித்ததில்லை.

கடலூர் திரும்பி, அதற்கு ஒரு முகப்புக் கடிதம் எழுதி, தபால் கட்டின் நடுவில் வைத்து மேலாளரிடம் அனுப்பினேன். நடுவில் இருப்பதை அவர் படிப்பதில்லை. கையெழுத்தாகி வந்தது. உறையின் மீது ‘இரகசியம்’ முத்திரையைக் குத்தினேன். பானைக்கும் மின்விசிறிக்கும் உழைத்த அந்த முத்திரை ஒரு மனிதருக்காக உழைத்தது அதுதான் முதல் தடவை. பதிவுத் தபாலில் புவனகிரிக்குப் போயிற்று. பத்தாம் நாள் பதில் வந்தது. ‘ஆட்சேபணை இல்லை. அடுத்த முகாமுக்கு நானே வருகிறேன். நான் உடன் இருக்கும்போது காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ தன் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும்.

அந்தப் பதிலையும் தபாலில் முதலில் பார்த்தவர் தலைமை எழுத்தர்தான். ஆகவே சேத்தியாத்தோப்புக்குத் தகவல் போனதில் ஆச்சரியமில்லை.

பங்குனி மாத முகாமில், மேசைக்கு ஒரு பக்கம் தையல் டீச்சர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் கணக்கு வாத்தியார், ஒல்லியானவர், சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் அழைக்கப்படாத தாய்மாமன் நின்றார். ரெக்கார்டு கிளார்க் பெட்டியைத் திறந்து, கோப்பைத் தேடுவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“பொம்பள வந்து ஆம்பள பைல பாக்கறதா?” என்று மாமன் என்னிடம் கேட்டார். “இது எந்த ஊரு நியாயம் சார்?”

“சேத்தியாத்தோப்பு நியாயம்தான், மாமா,” என்றார் டீச்சர். “நீங்க ஆரம்பிச்சு வெச்சது.”

“பாரும்மா, தாராளமா பாரு. எங்க மாப்ள சொக்கத் தங்கம். ஒரு தலவலின்னு கூட அட்வான்ஸ் வாங்கியிருக்க மாட்டான்.”

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்களேன்,” என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார்.

டீச்சர் கோப்பைப் பிரித்தார். பிறந்த தேதியைப் பார்த்தார். பக்கங்களைத் தள்ளினார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். “முன்பணம் கோரும் காரணம். மனைவியின் பிரசவச் செலவு.”

“அல்லா,” என்றார் ரெக்கார்டு கிளார்க், கூரையைப் பார்த்தபடி.

மாமன் இரண்டடி முன்னால் வந்தார். “டேய் மாப்ள! எவடா அவ?”

“யாருமில்ல, மாமா.”

“யாருமில்லாம எப்படிடா பிரசவம்?” என்னிடம் திரும்பினார். “சார், நீங்கதானே பாஸ் பண்ணீங்க? இது நெசமா?”

அதே கேள்வி, அதே ஆள். எனக்கும் அதே மூன்று பதில்கள். “பைல்ல என்னா இருக்குதோ அதாங்க,” என்றேன்.

இந்தத் தடவை அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நெல் மூட்டைக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருப்பதைக் கண்டுபிடித்துப் பழகியவர்.  

“அப்ப... அந்தக் கட்டி?”

“அதுவும் பைல்ல இருக்கறதுதான்.”

“அட பாவிங்களா!” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு ஆபீஸு பூரா ஒக்காந்துகிட்டு...”

“மெதுவா பேசுங்க,” என்றார் ரெக்கார்டு கிளார்க். “அந்தாண்ட நிக்கிறாரே, தகப்பனாரு கருமாதிக்கு அட்வான்ஸ் வாங்கினவரு. கூட நிக்கிறது அவரு தகப்பனாரு.”

வாத்தியார் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னார். “வியாதின்னு எழுதுனா நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போயிடும்னு சொன்னாங்க, சார். பிரசவம்னு எழுதுனா யாருக்கும் பயமிருக்காதுன்னு நெனச்சேன்.”

மாமன் உரக்கச் சிரித்துவிட்டார். நெல் வியாபாரிகள் பேரம் முடிந்ததும் சிரிக்கிற சிரிப்பு. “சரி விடு. கட்டியுமில்ல, புள்ளயுமில்ல, ரெண்டு பக்கமும் செரியாப்போச்சு. நான் போட்ட முடிச்ச நானே அவுக்கறேன். இன்னிக்கே இந்தப் பொண்ணோட அண்ணனப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டு, வைகாசியில நாள் பாத்துடறேன்.”

“நான் இன்னும் சரின்னு சொல்லல, மாமா,” என்றார் டீச்சர்.

மாமனின் சிரிப்பு நின்றது. வாத்தியார் சட்டைக் கையை விட்டுவிட்டார். டீச்சர் கோப்பை மூடி, நூலை முன்பு இருந்தபடியே சுற்றி, என் பக்கம் நகர்த்தினார். பிறகு முதல்முறையாக வாத்தியாரை நேராகப் பார்த்தார்.

“என்னா கொழந்த?”

“சைக்கிளு,” என்றார் அவர்.

“என்னா கலரு?”

“பச்ச. வெளியில வேப்பமரத்தடியில நிக்குது.”

டீச்சரின் வாய் ஓரம் துடித்தது. சிரிக்காமல் சமாளித்துக்கொண்டார். கோப்பைப் பார்வையிட்டதற்கு அத்தாட்சியாகப் படிவத்தின் அடியில் கையெழுத்து வேண்டும் என்று நான் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

“இருங்க சார். கொழந்தயப் பாத்துட்டு வந்து போடறேன்,” என்று எழுந்து வெளியே போனார். வாத்தியாரும் பின்னாலேயே எழுந்து ஓடினார்.